பலாலி எவ்வளவு தூரம்?

"திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிளேனில் எவ்வளவு நேரம்?"

போன மாதம் முழுக்க இந்தக் கேள்விதான். மேல்வீட்டு அக்கா கேட்டார். கணவரின் அலுவலக நண்பர் கேட்டார். பிரான்ஸிலிருந்து நாத்தனார் இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டார். மாமியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் யாழ்ப்பாணம் போய்வந்த சேதி அப்படிப் பரவிவிட்டது. நானும் ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்றேன். இன்னொருவருக்கு 36 நிமிடம் என்றேன். நாத்தனாருக்கு ஐந்தரை மணி நேரம் என்றேன். மூன்றும் உண்மைதான். மாமியைக் கேட்டால் 19 நாள் என்பார். அதுவும் உண்மை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்து போகப்போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இந்தப் பதிவு.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் நானும் இணையத்தில்தான் தேடினேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன. தூரத்தில் எல்லாத் தளங்களும் ஒத்துப்போயின: 184 கிலோமீட்டர். நேரத்தில்தான் குழப்பம். ஒரு தளம் 14 நிமிடம் என்றது, இன்னொன்று 44 நிமிடம் என்றது. கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. இரண்டுமே மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற பெரிய ஜெட்டை மனதில் வைத்துக்கொண்டு 184ஐ வகுத்திருக்கின்றன. இரண்டாவது தளம் ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வழித்தடத்தில் எந்த விமானம் ஓடுகிறது, அங்கே ஜெட் இறங்க முடியுமா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. அவசரத்தில் பார்க்கிறவர் 14 நிமிடம் என்பதை நம்பிவிடுவார். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த மாதிரி எண்கள் உதவாது.

தூரமாவது சரிதானா என்று மகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் சேர்ந்திருந்த நேரம், கணக்கில் ஆர்வம் உண்டு. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்திலேயே போட்டு முடித்துவிட்டாள். திருச்சி விமான நிலையம் வடக்கே 10.765 பாகை, கிழக்கே 78.710 பாகை. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி வடக்கே 9.792, கிழக்கே 80.070. வடக்கு தெற்காக ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை பூமத்திய ரேகையில்தான் அந்த அளவு இருக்கும், அங்கிருந்து விலக விலகச் சுருங்கும். நம் பக்கம் கொசைன் அட்டவணையைப் பார்த்து 0.984ஆல் பெருக்கினால் போதும். தெற்கே 108 கிலோமீட்டர், கிழக்கே 148.5. மீதி பிதாகரஸ். 183.6 என்று வந்தது. பூமியின் வளைவை விட்டுவிட்டோமே என்று கேட்டேன். இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கு அது கணக்கை அசைக்காது, டொரண்டோவுக்குப் போனால்தான் பெருவட்டக் கணக்கெல்லாம் என்றாள். விமானிகளின் கணக்கில் சொன்னால் 99 கடல் மைல்.

அந்தத் தாளிலேயே அவள் இன்னொன்றும் செய்தாள். திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் அதே கணக்கைப் போட்டாள். அதுவும் 184ஐத்தான் ஒட்டி வந்தது. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். கோயம்புத்தூர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் யாழ்ப்பாணம்! கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரியே திரும்பிவிடுகிறோம். யாழ்ப்பாணம் என்றால் என் மனதில் எப்போதும் எங்கோ தூரதேசம். 25 வருடமாக அந்த ஊர்க் குடும்பத்தின் மருமகளாக இருந்துகொண்டு இது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொரு ஆச்சரியமும் வரைபடத்தில்தான் கிடைத்தது. யாழ்ப்பாணம் ராமேஸ்வரத்துக்குத் தெற்கே இருக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, பலாலி ராமேஸ்வரத்துக்கும் வடக்கே. மதுரை விமான நிலையமும் பலாலி விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன.

இனி நேரத்துக்கு வருகிறேன்.

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72. இறக்கை மேலே இருக்கும், இரண்டு பக்கமும் ஆறு தகடு கொண்ட விசிறி சுழலும். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். 78 பேர் உட்காரலாம். 2025 மார்ச் 30ஆம் தேதி திருச்சி–யாழ்ப்பாணம் சேவையை இண்டிகோ தொடங்கியது இந்த விமானத்தில்தான். இதற்கு ஒரு கட்டாயமும் உண்டு. பலாலி ஓடுபாதை குட்டை. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் திருச்சியிலிருந்து போகிற ஜெட் விமானங்கள் அங்கே இறங்க முடியாது. ஏடிஆர் குறைந்த ஓட்டத்திலேயே எழும்பும், குறைந்த ஓட்டத்திலேயே நிற்கும். வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஜெட்டே இறங்கினாலும் இவ்வளவு சின்னத் தூரத்தில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. உயரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

500 வேகத்தில் 184 கிலோமீட்டர் என்றால் 22 நிமிடம் வர வேண்டும். டிக்கெட்டில் போட்டிருப்பது ஒரு மணி நேரம். மிச்சம் எங்கே போகிறது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் இல்லை, விமானக்காரர்கள் பிளாக் டைம் என்று சொல்கிற நேரம். நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்களே, அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கிறவரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இன்னொரு விமானம் இறங்கும்வரை காத்திருப்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். பறக்கும்போதும் 500 வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு.

காற்றும் ஒரு காரணம். விமானம் எதிர்காற்றில்தான் எழும்ப வேண்டும், எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும். நாங்கள் போனது ஜூன் மாதம், தென்மேற்குக் காற்று காலம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதனால் தென்கிழக்கே போக வேண்டிய விமானம் முதலில் மேற்கு நோக்கி எழும்பி, பிறகு வளைந்து வந்தது. பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. அங்கே தென்மேற்கு நோக்கி இறங்க வேண்டும் என்பதால் ஊரைத் தாண்டி வடகிழக்கே கடலுக்கு மேல் போய்த் திரும்பி வந்தது. நேர்கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு கொக்கி மாட்டியது போல ஆகிவிட்டது பாதை. மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது இரண்டு கொக்கியும் மறைந்து சில நிமிடங்கள் மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்ற இறக்கச் செலவு எந்த வழித்தடத்துக்கும் பொது. சென்னையிலிருந்து பலாலி 355 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. கூடுதலான 170 கிலோமீட்டரும் நடுவானில் முழு வேகத்தில் போகும் தூரம் என்பதால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஊர்கள் கிட்டக்கிட்ட இருக்க இருக்க, கிலோமீட்டருக்கும் நிமிடத்துக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. இதன் கடைசி எல்லை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு குட்டித் தீவுகள். நடுவே 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன்ஏர் அங்கே விமானம் விடுகிறது. அட்டவணையில் 2 நிமிடம். காற்று வாகாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் போய் இறங்கியிருக்கிறார்கள். மகள் இதைப் படித்துச் சொன்னபோது மாமி, "அப்ப அந்தச் சனம் ஏறி இருந்திட்டு உடனை எழும்புறதோ?" என்று கேட்டார்.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஏறும்போது வலப்பக்க ஜன்னலில் மலைக்கோட்டை தெரிந்தது. பிறகு விமானம் வளைந்து தென்கிழக்கே பிடித்தது. திருச்சிக்கும் பலாலிக்கும் வரைபடத்தில் நூல் பிடித்தால் அது கந்தர்வகோட்டைப் பக்கமாகப் போய், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே புகுந்து, அதிராம்பட்டினம் மல்லிப்பட்டினம் பக்கம் கடலில் இறங்கும். ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் தரை தெரியும். அவ்வளவு உயரத்திலும் பறப்பதில்லை. கண்மாய்கள் கண்ணாடித் துண்டு போலக் கிடந்தன. அப்புறம் முழுக்கத் தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளை அடியோடு சாய்த்துப் போட்டது. அதன் பிறகு வைத்த கன்றுகள் மேலிருந்து பார்க்க வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். எனக்கு அங்கே ஒரு சித்தி வீடு உண்டு. அந்தப் புள்ளிகளில் எது அவர் வைத்தது என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

பாதி வழிக்கு முன்னாலேயே கரை முடிந்துவிட்டது. மிச்சம் பாக் நீரிணை. ஆழமில்லாத கடல், நீலமாக இல்லை, கலங்கின பச்சை. படகுகள் தெரிந்தன. 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு அந்தத் தண்ணீரில் எங்கோ போகிறது. மேலிருந்து எதுவும் தெரிவதில்லை. அந்தக் கோட்டினால் சிறைக்குப் போன மீனவர்களின் பெயர்களைத்தான் வாராவாரம் நாளிதழில் படிக்கிறோம். மாமி ஜன்னலோரம். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். கடல் தொடங்கி எனக்குத் தோன்றிய வரையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இறங்கப் போவதாக அறிவிப்பு வந்தது.

"என்ன பிள்ளை, இறங்கப்போறாங்களோ? இப்பதானே ஏறினனாங்கள்!"

ஆமாம் மாமி என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கைக்கடிகாரத்தில் குறித்து வைத்திருந்தாள். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டதுவரை 36 நிமிடம்.

இந்த 36 நிமிடத்துக்கு மாமி ஏன் அழுதார் என்று சொல்ல வேண்டும். மாமி சுன்னாகத்துக்காரர். 1993இல் அங்கிருந்து கிளம்பினார். அப்போது குடாநாட்டிலிருந்து வெளியே வர ஆனையிறவு வழியும் இல்லை, பூநகரி வழியும் இல்லை. ராத்திரியில் கிளாலியில் படகேறி கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். அந்தப் படகுகளில் போனவர்கள் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. மாமியும், அப்போது 15 வயதான என் கணவரும், 11 வயது நாத்தனாரும் அப்படிக் கடந்து, வன்னிக்குள் லாரியிலும் டிராக்டரிலும் நடந்தும் வவுனியா வந்து, அங்கே நாள் கணக்கில் காத்திருந்து, கொழும்பில் லாட்ஜில் தங்கிக் காகிதங்களை எல்லாம் சரிசெய்து, கட்டுநாயக்கவில் விமானம் ஏறித் திருச்சியில் வந்து இறங்கினார்கள். வீட்டுப் படலையைச் சாத்திய நாளிலிருந்து 19 நாள். கோயம்புத்தூர் தூரத்துக்கு.

சண்டை முடிந்த பிறகும் வழி கொழும்பு சுற்றித்தான். திருச்சியிலிருந்து கட்டுநாயக்க தெற்கே 417 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அங்கே இறங்கி, வந்த திசையிலேயே திரும்பி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டும். 184 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம், ஒரு பகலும் ஒரு ராத்திரியும். 2016இல் நாங்கள் அப்படித்தான் போனோம். மாமிக்கு அப்போது 68 வயது. திரும்பி வந்ததும் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். "இனிக் கொழும்பாலை சுத்திப் போறதெண்டால் நான் வரேல்லை. அங்கை ஆரும் செத்தாலும் சொல்லிவிடுங்கோ, இஞ்சை இருந்து அழுறன்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவருடைய தங்கை இறந்தபோது அப்படியேதான் ஆயிற்று. வயலூர் ரோட்டு வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்து அழுதார்.

பலாலி இப்போது புதிதாக வந்த விமான நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் பயணிகள் விமானத்தை ரத்மலானையிலிருந்து விட்டது. டகோட்டா விமானம். அது போன வழி காங்கேசன்துறை, அப்புறம் மெட்ராஸ். காங்கேசன்துறை என்று அட்டவணையில் போட்டது இந்தப் பலாலியைத்தான். அதாவது சுதந்திர இலங்கை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒரு நாட்டு விமான நிறுவனத்தின் முதல் பயணமே யாழ்ப்பாணம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. 1914இலிருந்து தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அதோடு சேர்ந்த போட் மெயிலும் வேறு இருந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. 1970களின் கடைசியில் ஏர் சிலோனும் நின்றுவிட்டது, பிறகு போர் வந்தது. போர்க்காலத்தில் பலாலி ராணுவத்தின் கையில் இருந்தது. 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, வயாவிளான் ஊர்ச்சனம் முழுக்க வீடு வாசலை விட்டு வெளியேறியது. விமான நிலையத்தைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயம். 1998 செப்டம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன்ஏர் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் விழுந்தது. மாமியின் பள்ளித்தோழி ஒருவர் அதில் இருந்தார். விமானம் மேலே ஏறும்போது மாமி கையைக் கூப்பிக்கொண்டிருந்தது அதற்காகவும்தான்.

2019 அக்டோபர் 17இல் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பர் 11இல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நான்கு மாதம்தான், கொரோனாவில் நின்றது. 2022 டிசம்பர் 12இல் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கி, அடுத்த ஆண்டு திருச்சிக்கும் வழி பிறந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் ஆரம்பித்து, நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி வந்தது. கடலில் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மாமிக்குக் கடல் என்றால் கிளாலிதான் ஞாபகம் வரும், அதனால் கப்பலைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

விமானம் நின்றதும் மாமி கேட்ட முதல் கேள்வி: "மணி மாத்தவேணுமோ?"

மகளுக்குப் புரியவில்லை. எனக்கு என் கணவர் சொல்லித் தெரியும். 1996இல் இலங்கையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார்கள், முதலில் ஒரு மணி, பிறகு அரை மணியாகக் குறைத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி அதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. 2003 சமாதான காலத்தில் மாமி ஏ-9 பாதையில் பஸ்ஸில் போனார். கொழும்பில் ஒரு நேரம், புலிகளின் பகுதி தொடங்கும் ஓமந்தையைத் தாண்டினால் அரை மணி பின்னால், அது முடியும் முகமாலையைத் தாண்டினால் மறுபடி அரை மணி முன்னால். ஒரே பஸ்ஸில் உட்கார்ந்தபடி இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றினாராம். 2006 ஏப்ரலில் இலங்கை முழுவதும் பழைய நேரத்துக்கே, அதாவது நம் நேரத்துக்கே, திரும்பிவிட்டது. வேண்டாம் மாமி, ரெண்டு ஊருக்கும் ஒரே மணிதான் என்றேன். அவர் கட்டியிருந்த பழைய டைட்டன் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

பலாலி மிகச் சின்ன நிலையம். விமானத்திலிருந்து நடந்தே கட்டடத்துக்குப் போய்விடலாம். திருச்சியில் 2024இல் திறந்த புது முனையத்தின் கோபுரத்தையும் பளபளப்பையும் பார்த்துவிட்டுப் போனால் இது ஒரு தாலுகா ஆபீஸ் அளவுதான் தோன்றும். எனக்குப் பிடித்திருந்தது. குடிவரவு, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர எங்களுக்கு 40 நிமிடம். வாசலில் மாமியின் தம்பி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் மாமா என்று கேட்டேன்.

"காத்திருக்கேல்லை பிள்ளை. வீட்டை இருந்தனான். பிளேன் இரையிறது கேட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

சுன்னாகம் அவ்வளவு கிட்ட. ரோட்டின் இரண்டு பக்கமும் அந்தச் செம்மண். வெங்காயம், மரவள்ளி, வாழை, வரிசையாகப் பனை. வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 2.45. காலை 9.15க்கு வயலூர் ரோட்டில் கேட்டைப் பூட்டினோம். ஐந்தரை மணி நேரம். இதில் 36 நிமிடம் பறந்தது, மிச்சத்தில் பெரும்பகுதி திருச்சியில் மூன்று மணி நேரம் முன்கூட்டியே போய் உட்கார்ந்தது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் அதைக் குறைக்க முடியாது. வயதானவர்கள் இருந்தால் சக்கர நாற்காலிக்கு டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், சோறு சாப்பிடும் நேரம் முழுக்க விமான நிலையத்தில்தான் கழியும்.

ஒரு விஷயம் மனதில் இருக்கிறது. நாங்கள் போனபோது விமானத்தில் கொஞ்சம் இருக்கைகள் காலியாக இருந்தன. சின்ன ஊர்களுக்கு இடையே ஓடுகிற விமானம் ஆள் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஒரு நாள் அட்டவணையிலிருந்து காணாமல் போகும். இந்த வழித்தடம் எத்தனை தடவை நின்று நின்று வந்திருக்கிறது என்பதை மேலே எழுதிவிட்டேன். திருச்சியில் கே.கே. நகரிலும் வயலூர் ரோட்டிலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் தயவுசெய்து இந்த வருஷமே போய்வாருங்கள்.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறேன். சுன்னாகத்து வீட்டில் அன்று சாயங்காலம் மாமி ஒரு கதை சொன்னார். 1958இல் அவருடைய பெரியக்காவுக்குக் கலியாணம். மாமிக்குப் பத்து வயது. "அப்பா கூறை எடுக்க மெட்ராசுக்குப் போனவர். விடியப் பலாலியிலை ஏறினால் மத்தியானச் சாப்பாடு அங்கை. அடுத்த நாள் கூறையோடை வந்து நிக்கிறார்!" அந்த டிக்கெட் வீட்டில் பல வருடம் இருந்ததாம், 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. டகோட்டாவில் பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மகள் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். சரிபார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டிக்குள், அம்மம்மாவின் சேலைக்கு அடியில், ஏர் சிலோன் டிக்கெட்டோ கால அட்டவணையோ இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாமிக்குக் காட்ட வேண்டும்.